சாய்ந்து உறைந்த குமிழி

எங்கள் குடும்பத்துக் கௌரவம் ஆறு சிரிஞ்சுகளில் அடைபட்டிருந்தது. அவற்றில் இரண்டு, முந்தின நாளே ஆஸ்பத்திரியில் எங்கள் மானத்தை வாங்கிவிட்டன. மிச்சம் நாலும் என் மேசைமேல் ஓர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குக் குறுக்கே நானே நாடா சுற்றி, நானே அரக்கு வைத்து, இரவு முழுவதும் குளிர் அறையில் பூட்டி வைத்திருந்தேன். துப்பறிபவர் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்பது என் உத்தரவு.

வந்தவர் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கள்ளத் தராசுகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், கள்ள மனிதர்களைப் பிடிக்கும் வேலைக்கு மாறியவர். 'தராசம்மா' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தவன் அவருடைய உதவியாளன், நெட்டை. உயரத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியது. வாய்க்கு வேறு ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும்.

"உட்காருங்க" என்றேன்.

"நான் நின்னுக்கறேன் ஐயா. உட்கார்ந்தா என் முழங்கால் உங்க மேசையைத் தூக்கிடும். ஏற்கெனவே குடும்பம் ஆட்டங்கண்டு கிடக்கு" என்றான் நெட்டை.

நான் பார்த்த பார்வைக்கு எங்கள் ஆலையில் யாராக இருந்தாலும் வெளியே போய் நின்றிருப்பார்கள். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் தராசம்மா.

சொன்னேன். அப்பா விட்டுப்போன ஜெலட்டின் ஆலையை நானும் என் தம்பியும் நடத்திவருகிறோம். மாத்திரைக் கூடுகளுக்கு வேண்டிய ஜெலட்டினை எலும்பிலிருந்து காய்ச்சி இறக்குகிற ஆலை. அதன் மேல்மாடியில் என் தம்பி மகள் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறாள். நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளைக் கரைத்து, ஊசி வழியாக உடம்புக்குள் செலுத்தக்கூடிய ஒரு கரைசல் செய்திருக்கிறாள். தேய்ந்துபோன முழங்கால் மூட்டுக்குள் செலுத்தினால் அங்கேயே உறைந்து நிற்கும். கட்டடம் எழுப்ப மரத்தால் சாரம் கட்டுகிறோம் அல்லவா, அதைப் போல. புதுக் குருத்தெலும்பு அந்தச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி வளரும்.

நேற்று அதை ஆஸ்பத்திரிக் குழுவின் முன் காட்ட வேண்டிய நாள். மேசையில் ஒரு மூட்டு மாதிரியை உடம்புச் சூட்டு வெந்நீரில் வைத்திருந்தார்கள். தலைமை அறுவை மருத்துவர் முதல் சிரிஞ்சை எடுத்து, ஊசியைப் பொருத்தி, காற்றை வெளியேற்றுவதற்காக மேல்நோக்கிப் பிடித்து அழுத்தினார். தண்டு நகரவில்லை. பலமாக அழுத்தினார். ஊசி கழன்று போய் விளக்கில் பட்டது. பின்னாலேயே கண்ணாடிப் புழு மாதிரி ஒன்று வந்து அவருடைய வெள்ளை அங்கியில் விழுந்தது. இரண்டாவது சிரிஞ்சை எடுத்தார். அதுவும் அசையவில்லை. மூன்றாவதைத் தொடவே மறுத்துவிட்டார்.

"ஒண்ணு, நீங்க காட்டின சோதனைக் கணக்கெல்லாம் பொய். இல்லேன்னா யாரோ கெடுத்திருக்காங்க. எதுன்னு நாளைக்குச் சாயங்காலம் குழு கூடறப்போ வந்து சொல்லுங்க. சொல்ல முடியலேன்னா கோப்பை மூடிடறேன்" என்றார் என் தம்பி மகளைப் பார்த்து. அத்தனை பேர் நடுவில்.

எங்கள் ஆலையிலிருந்து போன ஒரு மூட்டையை யாரும் திருப்பி அனுப்பியது கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி என்று ஒருவர் சொல்லிவிட்டு, அடுத்த நாளும் அதே வாயால் சாப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை.

"ஆகவே, யாரோ கெடுத்திருக்காங்க" என்று முடித்தேன். "வெளியாள் கை. ஆளையும் பிடிச்சு வெச்சிருக்கேன். நீங்க சாட்சியத்தை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்."

"தீர்ப்பு தயார். குற்றம்தான் பாக்கி" என்றான் நெட்டை, யாரிடமும் என்றில்லாமல்.

ஆள், ஆய்வுக்கூட உதவியாளன். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் அவனைச் சோடாபுட்டி என்பார்கள். நேற்று பெட்டியை வேனில் கொண்டுபோனது அவன்தான். போன வாரம் போட்டிக் கம்பெனியின் வாசலில் அவனைப் பார்த்ததாக எனக்குத் தகவல். காலையிலிருந்து காவலாளி அறையில் உட்காரவைத்திருக்கிறேன். காவல் நிலையத்துக்கு நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வேன்ல அவன் மட்டுமா?"

"என் தம்பியும் போனான். பொண்ணு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அவளோட முதல் பெட்டி, துணைக்கு நான் போறேன்னு ஏறி உட்கார்ந்தான். அவனை விடுங்க."

தராசம்மா தலையாட்டினார். விட்டார் என்றுதான் நினைத்தேன்.

மாடிக்குப் போனோம். பெட்டியை நெட்டை தூக்கிக்கொண்டான். கெட்டுப்போன இரண்டாவது சிரிஞ்சு தனியாக என்னிடம் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு நேற்றிரவு நானே மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தேன். இரண்டும் இறுகிப்போனவை. சிரிஞ்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவற்றை நீக்கினேன். திரும்பியபோது தராசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக் குறைவான பார்வை என்று சொல்ல முடியாது. தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவர்களின் பார்வை.

என் தம்பி மகள் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பெரியப்பா, இவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லலாமா?"

"மறைக்கறதுக்கு நம்ம வீட்டுல என்ன இருக்கு?" என்றேன்.

தராசம்மா அரக்கை உடைத்தார். சிரிஞ்சுகள் துளைகளில் மூடி கீழே, தண்டு மேலே என்று நேராக நின்றன. மூன்றாவதை எடுத்து என் தம்பி மகளிடம் நீட்டினார்.

"அழுத்தும்மா."

ஊசியைப் பொருத்தி மெதுவாக அழுத்தினாள். மெல்லிய நூலாக, தடங்கலே இல்லாமல், கரைசல் ஒரு சோதனைக் குழாய்க்குள் இறங்கியது. பாதியோடு நிறுத்திக் குழாயை வெந்நீரில் வைத்தாள். நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்ளே பால்கண்ணாடி போல உறைந்து நின்றது.

"பாத்தீங்களா, சொன்னேன்ல" என்றேன். "சரக்கு நல்ல சரக்கு. அந்த ரெண்டை மட்டும் அந்தப் பயல் மாத்தி வெச்சுட்டான்."

"மாத்தல பெரியப்பா" என்றாள் அவள். "ஒவ்வொண்ணுலயும் நானே வைர முனையால கீறல் போட்டிருக்கேன். உங்ககிட்ட இருக்கறதும் என்னோடதுதான்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையை அவளே வெட்டிவிட்டாள்.

"இது எப்ப ஓடும், எப்ப உறையும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் தராசம்மா.

"சில்லுனு இருக்கறவரைக்கும் ஓடும். சும்மா சாய்ச்சா தேன் மாதிரி சோம்பேறியா நகரும். ஊசியில அழுத்தினா இளகி ஓடும். விட்டா பழையபடி தடிச்சுக்கும்."

"ஆபீஸ்ல நானும் இப்படித்தான். அழுத்தினாத்தான் ஓடுவேன்" என்றான் நெட்டை.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "உறையறது வேற விஷயம். உடம்புச் சூட்டுக்கு வந்தா கொஞ்ச நேரத்துல உறையும். ஒருதடவை உறைஞ்சா முடிஞ்சுது. திரும்ப ஐஸ்ல வெச்சாலும் இளகாது."

"பெட்டி சூடாச்சா?"

"இல்ல. ஐஸுக்கு அடியில வெப்பமானி இருக்கு. நேத்து முழுக்க குளிர் குறையவே இல்ல. அதனாலதான் எல்லாரும் என் கரைசலே பொய்னு சொல்றாங்க."

"பெட்டி சூடாகல. அப்ப சிரிஞ்சு ரெண்டும் பெட்டியை விட்டு வெளிய போயிட்டுத் திரும்பி வந்திருக்கு" என்றார் தராசம்மா. "ஏன் ரெண்டு மட்டும்?"

"கெடுக்க வந்தவன் ஆறையும் கெடுத்திருப்பான்" என்றான் நெட்டை. "பாதி வழியில மனசாட்சி உறுத்திச்சோ?"

"மனசாட்சிக்கு எண்ணத் தெரியாது. ரெண்டு வைக்கத்தான் இடம் இருந்திருக்கு."

அவர் என்னிடம் கையை நீட்டினார். இடுக்கியிருந்த சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி கழுத்தில் கயிற்றோடு தொங்க, அதைப் போட்டுக்கொள்ளாமலே சிரிஞ்சை வெளிச்சத்தில் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"நெட்டை, குமிழி எப்படி இருக்கு?"

"நல்லதுல தண்டுக்குக் கீழ சமமா, மூடி போட்ட மாதிரி இருக்கு பாஸ். இதுல ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்கு. மப்பு ஏறினவன் மாதிரி."

தராசம்மா தன் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு ரசமட்டம் எடுத்தார். கொத்தனார் வைத்திருப்பாரே, உள்ளே குமிழி ஓடும் கண்ணாடிக் குழல், அதுதான்.

"தராசைச் சோதிக்கறதுக்கு முன்னாடி, தராசு நிக்கற பலகை சமமான்னு பாக்கணும். பாதி மோசடி பலகையிலதான் இருக்கும். இருபது வருஷம் குமிழி பாத்த கண்ணு எனக்கு." சிரிஞ்சை ரசமட்டத்தின் பக்கத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தார். "குமிழி எப்பவும் மேலே போகும். அது பொய் சொல்லாது. இந்தக் குமிழி மேலே போன நிமிஷத்துல கரைசல் உறைஞ்சுபோச்சு. அப்ப எது மேல, எது கீழன்னு இது இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கு."

சிரிஞ்சு பாதிச் சாய்வில் நின்றபோது, சரிந்துகிடந்த குமிழியின் அடிப்பக்கம் ரசமட்டத்தோடு ஒத்துப்போயிற்று.

"மூடி கீழே. இந்தச் சாய்வு. உடம்பு அளவுக்குச் சூடு. ரெண்டுக்கு மட்டும் இடம்" என்றார். "வேனைப் பாக்கலாம்."

வேன் முற்றத்தில் வெயிலில் நின்றது. நெட்டை உள்ளே மடங்கி உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகச் சிரிஞ்சை வைத்துக் காட்டினான். முன் பலகையில் அது படுத்துக்கொண்டது. கதவுப் பையில் செங்குத்தாக நின்றது. எஞ்சின் மூடியில் கை வைத்துவிட்டு உடனே எடுத்தான்.

"இங்க வெச்சா சிரிஞ்சே உருகிடும் பாஸ்."

"அந்தப் பையனைக் கூப்பிடுங்க" என்றார் தராசம்மா.

சோடாபுட்டி வந்தான். என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினான்.

"போட்டிக் கம்பெனிக்குப் போனியா?"

"என் மச்சானுக்கு அங்க இன்டர்வியூ. துணைக்குப் போனேன். உள்ளகூடப் போகல, வாசல்ல நின்னேன். வேணும்னா அக்காகிட்ட கேளுங்க, சொல்லிட்டுத்தான் போனேன்."

அக்கா என்று அவன் சொன்னது என் தம்பி மகளை. அவள் தலையாட்டினாள். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நேத்து வழியில எங்க நிறுத்தின?"

"எங்கயும் இல்ல. ஆஸ்பத்திரி கேட்டுல மட்டும். உள்ள போற பாஸ் வாங்க இறங்கினேன். நீளமா வரிசை. சின்ன ஐயா வண்டியிலயே இருந்தாரு."

"திரும்பி வந்தப்போ அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"ஒண்ணும் இல்ல. கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. குளிருதான்னு கேட்டேன். ஆமான்னாரு. உள்ள போய் நிறுத்தினதும், என்னை இறங்கிப் பின் கதவைத் திறன்னாரு. பெட்டியை அவரே மூடிக் குடுத்தாரு."

"அவனுக்கா குளிரும்?" என்றேன். "கொதிகலன் பக்கத்துலயே வளர்ந்தவன் அவன். இந்த வெயில்ல..."

என் கண் கொதிகலன் இருந்த பக்கம் போயிற்று.

தராசம்மா சிரிஞ்சை நெட்டையிடம் கொடுத்தார். "அக்குள்ல வை. கையைக் கட்டு. சாய்ஞ்சு உட்காரு."

"நான் காலையில குளிச்சேன். அதை எல்லாரும் மனசுல வெச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு நெட்டை அப்படியே செய்தான்.

தராசம்மா ரசமட்டத்தை அவன் தோளருகே பிடித்தார். சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிரிஞ்சின் மேல்பாதியில் அந்தக் குமிழி தெரிந்தது. சரிவு போய்விட்டது. தண்ணீர்ப் பரப்புப் போலச் சமமாக இருந்தது.

"தம்பி, நீ போய்க் காவலாளி அறையில இரு. பயப்படாத" என்று சோடாபுட்டியை அனுப்பினார். என் தம்பி மகளைப் பெட்டியில் ஐஸ் மாற்றச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"ஐயா, காலையில தாழ்ப்பாள் நீக்கறப்போ சிரிஞ்சை எங்க வெச்சீங்க?"

என் கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"பக்கத்துல மேசை இருந்துது. பெட்டியோட நின்ன நெட்டைகூட ஒரு கையை நீட்டினான். நீங்க யோசிக்கவே இல்ல, நேரா அக்குளுக்குப் போச்சு. கொஞ்ச நேரம் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனா நேத்து வண்டியில நீங்க இல்ல. உங்க வீட்டுல இந்தப் பழக்கம் வேற யாருக்கு இருக்கு?"

இருக்கிறது. இரண்டே பேருக்கு. எங்கள் கொதிகூடத்துக்கும் சோதனை அறைக்கும் நடுவில் திறந்த முற்றம். காற்று வீசும். மாதிரிக் குழாயைக் கையில் எடுத்துப்போனால், போய்ச் சேர்வதற்குள் ஜெலட்டின் உறைந்துவிடும். ஜெலட்டினுக்குச் சூட்டில்தான் உயிர். குளிர்ந்தால் அது கல். அதனால் அப்பா எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார்: ஒவ்வோர் அக்குளிலும் ஒரு குழாய், கையைக் கட்டிக்கொண்டு நட. வேலையாட்களுக்கு வெந்நீர்க் குவளை உண்டு. அக்குள், குடும்பத்துக்கு மட்டும்.

"நீங்க தேடச் சொன்னது வெளியாள் கை" என்றார் தராசம்மா. "நிறுத்துன்னு சொன்னா இங்கயே நிறுத்திடறேன். கிடைக்கலேன்னு சொல்லிட்டுப் போயிடறேன். அப்புறம் காவலாளி அறையில இருக்கறவன் பாடு, உங்க பாடு."

முற்றத்தின் மறுபக்கம், காவலாளி அறை ஜன்னலில் தடித்த கண்ணாடி வெயிலில் மின்னியது. ஒரு வார்த்தை. அவன் வேலை போகும், பெயர் போகும். எங்கள் பெயர் நிற்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்படி நிற்கிற பெயரை எந்த முகத்தோடு என் தம்பி மகளுக்கு விட்டுப்போவது?

"கொதிகூடத்துக்கு வாங்க" என்றேன். அவளையும் கூப்பிட்டேன்.

என் தம்பி இரண்டாவது தொட்டியின் பக்கத்தில், ஆவியில் பாதி மறைந்து, கரண்டியால் நுரை நீக்கிக்கொண்டிருந்தான். அதற்கு ஆள் இருக்கிறார்கள். மனசு சரியில்லாதபோது அவனே செய்வான்.

"நேத்து பெட்டியைத் தொறந்தியா?" என்றேன்.

கரண்டி நின்றது. எங்கள் வயசில் அண்ணன் கேட்டுத் தம்பி பொய் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"தொறந்தேன் அண்ணா."

"ஏன் சொல்லல?"

அவன் தன் மகளைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தே பேசினான். "கேட்டுல வண்டி நின்னுது. சும்மா ஒண்ணை எடுத்துச் சாய்ச்சுப் பாத்தேன். குமிழி நகரவே மாட்டேங்குது. ஐஸ்ல போட்டு வெச்சிருக்காளே, உறையப் போகுதே, டாக்டருங்க முன்னாடி மானம் போயிடுமேன்னு பதறிப்போச்சு. ரெண்டை எடுத்து அக்குள்ல வெச்சேன். முதல் ரெண்டாவது நல்லபடியா ஓடட்டும்னு. சோடாபுட்டியைப் பின் கதவைத் திறக்க அனுப்பிட்டு, பழைய இடத்துலயே வெச்சு மூடிட்டேன்."

"சாய்ச்சுப் பாத்தீங்க. அழுத்திப் பாக்கல" என்றார் தராசம்மா.

"ஜெலட்டினைச் சாய்ச்சுத்தாங்க பாப்போம்."

"சரி, அப்புறமாவது வாயைத் தொறந்திருக்கலாமே?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "அவளைப் பொய்க்காரின்னு சொன்னப்போ நீ அங்கதானே நின்ன?"

அவன் திரும்பினான். ஆவியா கண்ணீரா என்று தெரியாதபடி முகம் நனைந்திருந்தது.

"எப்படிச் சொல்றது அண்ணா? நான் சூடு குடுத்தேன். அவ்வளவு சூடு குடுத்தும் உறைஞ்சுபோச்சு. அப்ப சரக்கே சரியில்லன்னுதானே அர்த்தம்? அதைச் சொன்னா எம்பொண்ணு செஞ்சது பொய்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடாதா? அதான் வாயை மூடிக்கிட்டேன். எது வந்தாலும் என்னோட போகட்டும்னு."

என் தம்பி மகள் தொட்டியருகே போனாள்.

"அப்பா" என்றாள் அவள். "நீங்க சூடு குடுத்ததாலதான்பா உறைஞ்சுது."

"சூட்டுல எதும்மா உறையும்?"

"இது உறையும். அதுக்காகத்தானே இத்தனை வருஷம்." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "ஒருநாளாவது மாடி ஏறி வந்து பாத்திருக்கீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். கீழ்த் தளத்து ஆட்கள் மேலே போய் அவள் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று கட்டளை போட்டவன் நான். தம்பியும் கீழ்த் தளத்து ஆள்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"டாக்டர் ரெண்டு கேள்வி கேட்டார்" என்றார் தராசம்மா. "பொய்யா, யாராவது கெடுத்தாங்களான்னு. ரெண்டும் இல்ல. உடம்புச் சூட்டுல உறையும்னு பொண்ணு சொன்னா. உறைஞ்சிருக்கு. உடம்புதான் மாறிப்போச்சு."

"வாதம் எல்லாம் சரி பாஸ்" என்றான் நெட்டை. "ஆனா இதை அத்தனை டாக்டர் முன்னாடி யார் சொல்றது? 'எங்க வீட்டு அக்குள்'னு ஆரம்பிச்சா முதல் வரியிலயே வெளிய தள்ளிடுவாங்க."

"நான் சொல்றேன்" என்றேன்.

போகும் வழியில் காவலாளி அறையில் நின்றேன். சோடாபுட்டி எழுந்தான். "வண்டியை எடு. பெட்டியை நீயே தூக்கிட்டு வா. உன் கையாலயே உள்ள வை" என்றேன். எனக்குச் செய்யத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டான்.

குழு நீளமான மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தது. மருத்துவர்களுக்கு நடுவில் தலைமை அறுவை மருத்துவர். அவர் முன்னால் கோப்பு. அதன்மேல் அவர் கை.

"பொய்யா, கெடுத்ததா?" என்றார். வணக்கம்கூட இல்லை.

எழுந்து நின்று சொன்னேன். அப்பா, முற்றம், காற்று, அக்குள், ஒன்றையும் விடவில்லை. என் தம்பி என்று சொன்னேன். பழக்கம் எங்கள் வீட்டுடையது என்றும் சொன்னேன். ஓரத்தில் ஓர் இளம் மருத்துவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். என் முதுகு அதற்காக வளையவில்லை.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் தலைமை மருத்துவர். கை கோப்பை விட்டு நகரவில்லை. "நான் கதைக்கு ஊசி போடறதில்ல."

என் தம்பி மகள் எழுந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊசியைப் பொருத்தி, மேல்நோக்கிப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். காற்று போயிற்று, ஊசி நுனியில் ஒரு துளி நின்றது. மூட்டு மாதிரிக்குள் செலுத்தினார். தண்டு அடிவரை இறங்கியது. அவர் புருவம் மட்டும் உயர்ந்தது.

"இது ஓடுது. சரி. அது அக்குள்லதான் உறைஞ்சுதுன்னு எப்படி நம்பறது?"

என் தம்பி முன்னால் வந்தான். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான், சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றினான், அக்குளில் வைத்தான், அவர் எதிரிலேயே நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். தலை குனிந்திருந்தது.

"ஒண்ணு உறைஞ்சா தற்செயலா இருக்கலாம்" என்றார் மருத்துவர். "நேத்து ரெண்டு கெட்டுப்போச்சு."

பெட்டியில் இன்னும் ஒன்றுதான் முழுசாக இருந்தது. என் தம்பி மறு கையை நீட்டினான். நான் அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டேன்.

"அது எனக்கு" என்றேன்.

எனக்கு நினைவு தெரிந்து, வெளியார் முன்னால் நான் கழுத்துப் பித்தானைக்கூடக் கழற்றியதில்லை. இரண்டு பித்தான்களைக் கழற்றினேன். சிரிஞ்சு ஐஸ் துண்டு மாதிரி உடம்பில் ஒட்டியது. தம்பியின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவன் தலை மறுபடி குனியவில்லை.

மூட்டு மாதிரியின் வெந்நீரில் ஒரு குமிழி எழுந்து உடைவது கேட்டது. என் தம்பி மகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் ஒரு பொருளைக் கெடுக்காமல் காப்பாற்ற எத்தனையோ முறை இப்படி உட்கார்ந்திருக்கிறேன். உறைந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"பாஸ், நமக்கும் குடும்பத் தொழில் ஏதாவது இருக்கா?" என்று பின்னால் நெட்டை கிசுகிசுத்தான். "இல்ல, எதை எங்க இடுக்கறதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்னு."

மருத்துவர் கை நீட்டினார். என் தம்பி கொடுத்தான். அவர் அழுத்தினார். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். தண்டு நகரவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார். தராசம்மா எழுந்துபோய், நேற்றைய சிரிஞ்சை அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டிலும் குமிழி ஒரே பக்கமாக, ஒரே சரிவில் கிடந்தது. மூட்டு மாதிரியின் மூடியைத் திறந்து உள்ளே விரலால் தொட்டுப் பார்த்தார் மருத்துவர். அங்கேயும் உறைந்திருந்தது.

அவர் கோப்பின்மேல் இருந்த கையை எடுத்து அதைத் திறந்தார்.

"நேத்து நான் பேசினதை வாபஸ் வாங்கறேன்மா" என்றார் என் தம்பி மகளிடம். "முதல் நோயாளியை நானே பாத்துச் சொல்றேன். பெட்டியோட நீயே வா. துணைக்கு வீட்டு ஆளுங்க வேண்டாம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். என் தம்பி பித்தானைப் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினான்.

மருத்துவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "போதும் ஐயா. நீங்களும் குடுத்துடலாம்."

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றேன், கையைத் தளர்த்தாமல். "எங்க வீட்டுலேர்ந்து எதுவும் அரைகுறையா வெளிய போனதில்ல."